பன்றி கிளறிய தரையும் மறுகால் தண்ணீரும்: பந்தை எடுத்து வைப்பதா, கிடந்தபடி அடிப்பதா?

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் சித்தப்பாவுக்கு ஒரு தரிசு கிடக்கிறது. அதில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஆறு ஹோல், அதாவது ஒவ்வொன்றும் ஒரு குழியில் போய் முடியும் ஆறு ஆட்டப் பாதை, போட்டிருக்கிறோம். கோல்ஃப் மைதானம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்பது உருளை ஓட்டி இறுக்கிய தரை. அதுவரை போகும் பாதையான ஃபேர்வே என்பது ஆடு மேய்ந்து கட்டையாக்கிய புல். ஒரே ஒரு பங்கர், அதாவது மணல் பள்ளம், அதிலும் வீடு கட்டியது போக மிஞ்சிய எம்-சாண்ட். இருபது வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்த அண்ணாச்சி கொண்டுவந்த, பந்தை அடிக்கும் பழைய க்ளப்கள்தான் மூலதனம்.

விளையாட்டாக ஆடியவரைக்கும் சிக்கல் இல்லை. தைப்பொங்கலுக்கு ஒரு போட்டி வைக்கலாம் என்று பேச்சு வந்ததும் சண்டை தொடங்கியது. இரவில் காட்டுப்பன்றி வந்து ஐந்தாவது ஹோலை உழுதுவிட்டுப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பக்கத்துக் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் ஃபேர்வேக்கு வந்துவிடுகிறது. எலி வளை, கறையான் புற்று, மாட்டுக் குளம்படி எல்லாம் தனி. "பன்னி தோண்டுனதுக்கு நான் எதுக்குவே பெனால்டி வாங்கணும்?" என்பது அண்ணாச்சி கட்சி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான மாமா எதிர்க்கட்சி. "கிடந்தபடி அடிக்கணும். அதுதான் ஆட்டம். தரை சரியில்லன்னா கேரம் போர்டு ஆடு."

விதிப்புத்தகத்தைப் பிரித்துப் படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யுஎஸ்ஜிஏவும் சேர்ந்து வெளியிடும் விதிகள் அவை. 2019இல் பெரிய திருத்தம் செய்து 34 விதிகளை 24 ஆகச் சுருக்கினார்கள். 2023இல் மறுபடி கொஞ்சம் திருத்தினார்கள். படித்து முடித்ததும் புரிந்தது, அண்ணாச்சி சொன்னதும் பாதி சரி, மாமா சொன்னதும் பாதி சரி.

பந்து மோசமான இடத்தில் கிடந்தால் பொதுவாக மூன்று வழி. கிடந்தபடி அடிப்பது ஒன்று. இலவசமாக எடுத்து வைப்பது இன்னொன்று, ஆனால் விதி அனுமதிக்கும் காரணம் இருந்தால்தான். மூன்றாவது, ஒரு ஸ்ட்ரோக்கைக் கொடுத்துவிட்டு, அதாவது அடிக்காமலேயே கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டு, எடுத்து வைப்பது. இலவசம் கிடைக்கும்போது எவனாவது காசு கொடுப்பானா என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு எலி வளை என் நினைப்பை மாற்றியது.

நாலாவது ஹோலில் என் பந்து எலி வளையின் வாயில் போய் உட்கார்ந்தது. பிராணி தோண்டிய குழியென்றால் இலவசம். 2019க்கு முன் வளை தோண்டும் பிராணி, ஊர்வன, பறவை என்று வகை பிரித்துப் பார்த்தார்கள், இப்போது பூச்சி, புழு தவிர எது தோண்டினாலும் கணக்கு. சந்தோஷமாகப் பந்தைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அளந்தேன். இடைஞ்சல் முழுதாக நீங்கும் மிக அருகிலான புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கிருந்து ஒரு க்ளப் நீளத்துக்குள், ஹோலுக்கு இன்னும் பக்கத்தில் போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தைப் போட வேண்டும். க்ளப் நீளம் என்பது பையில் இருக்கும் மிக நீளமான க்ளப், கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் சேராது. என்னிடம் இருப்பதில் நீளமான க்ளப்பான டிரைவர் மூணே முக்கால் அடி. அந்த மிக அருகிலான புள்ளி எங்கே வந்தது தெரியுமா? உடை மரத்தின் அடியில். அருகிலான புள்ளி என்றுதான் விதி சொல்கிறது, வசதியான புள்ளி என்று சொல்லவில்லை.

எடுத்த பந்தைப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம் என்றால் அதற்கு ஒரு ஸ்ட்ரோக் பெனால்டி. சரி என்று உடை மரத்தடியில் போட்டேன். முள்ளுக்கு நடுவே க்ளப்பை வீச முடியவில்லை. கடைசியில் 'ஆட முடியாத பந்து' என்று அறிவித்து ஒரு ஸ்ட்ரோக் கொடுத்து, இரண்டு க்ளப் நீளம் தள்ளி வெளியே வந்தேன். வளையில் கிடந்தபோதே அந்த ஒரு ஸ்ட்ரோக்கைக் கொடுத்திருந்தால் இரண்டு க்ளப் நீளத்தை வலப்பக்கம் அளந்து நல்ல புல்லில் போட்டிருப்பேன். அதே விலை, இன்னும் நல்ல இடம். அதற்குப் பிறகு பந்தில் கை வைக்குமுன் நின்று, வீசிப் பார்த்து, எங்கே போய் விழும் என்று தரையைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இதில் முள்மரத்தைப் பற்றி ஒரு சங்கதி. முள் குத்தும் என்பதால் இலவச நிவாரணம் கிடையாது. கள்ளிச்செடி போன்றவை காயப்படுத்தக்கூடியவைதான் என்றாலும் ஆபத்தான பிராணிக்குத் தரும் சலுகை அவற்றுக்கு இல்லை என்று விதி தெளிவாகவே சொல்கிறது. எலி வளையே உடை மரப் புதருக்குள் இருந்து, வளை இல்லாவிட்டாலும் அந்தப் பந்தை அடித்திருக்க முடியாது என்றால், வளையைக் காட்டி இலவசம் கேட்கவும் முடியாது. அந்த வழியையும் அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

குளத்துக்கு வருவோம். எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் தின்றது இதுதான். குளத்தைப் பெனால்டி ஏரியாவாக, அதாவது உள்ளே விழுந்த பந்தை ஒரு ஸ்ட்ரோக் கொடுத்து வெளியே எடுக்கும் பகுதியாக, அறிவிக்கலாமா, வேண்டாமா என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பேசினோம். பிறகு பார்த்தால் அதை நாங்கள் முடிவு செய்யவே தேவையில்லை. மைதானத்தில் இருக்கும் நீர்நிலை எதுவானாலும், குறி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், பெனால்டி ஏரியாதான். தண்ணீர் இல்லாத ஓடையும் அப்படியே. சித்திரையில் குளத்துக்குள் மாடு மேய்ந்தாலும் அது பெனால்டி ஏரியா. நிறம் சொல்லாவிட்டால் சிவப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கையில் இருந்தது இரண்டே கேள்வி. எந்த நிறம்? கோடு எங்கே?

மஞ்சள் குச்சி நட்டால் ஒரு ஸ்ட்ரோக் பெனால்டியோடு இரண்டு வழி: அடித்த பழைய இடத்துக்கே திரும்பிப் போகலாம், அல்லது பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்தையும் ஹோலையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து, அந்தக் கோட்டிலேயே பின்னால் எவ்வளவு தூரமும் போய்ப் போடலாம். சிவப்பு நட்டால் இவை இரண்டோடு மூன்றாவதும் சேரும்: கடந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் இரண்டு க்ளப் நீளம். குளம் ஐந்தாவது ஹோலுக்குப் பக்கவாட்டில் நீளமாகக் கிடக்கிறது. அதற்கு மஞ்சள் போட்டால் பின்னால் போகும் கோடு குளத்துக்குள்ளேயே ஓடும், ஆட்டக்காரன் பழைய இடத்துக்கு நடந்தே ஓய்ந்துவிடுவான். அங்கே சிவப்புதான். மூன்றாவது ஹோலில் ஓடையைத் தாண்டி அடிக்க வேண்டும். அங்கே சிவப்பு போட்டால், தாண்டி விழுந்து திரும்ப உருண்டு ஓடைக்குள் போன பந்தை அக்கரையிலேயே போட்டுக்கொள்ளலாம். ஓடையைத் தாண்டும் சோதனைக்கே அர்த்தம் போய்விடும். அதனால் அங்கே மஞ்சள். மாமா இதில் மட்டும் உடனே தலையாட்டினார்.

தண்ணீரில் விழுந்த பந்துக்கு ஒரு ஸ்ட்ரோக் என்பது புதிதில்லை. 1744இல் எடின்பரோ பக்கம் லீத் என்ற இடத்தில் எழுதிவைத்த முதல் 13 விதிகளிலேயே இருக்கிறது: பந்து தண்ணீரிலோ சேற்றுச் சகதியிலோ விழுந்தால் எடுத்துப் பின்னால் வைத்து ஆடலாம், எதிராளிக்கு ஒரு ஸ்ட்ரோக் விட்டுக்கொடுக்க வேண்டும். அதே பட்டியலின் கடைசி விதியில், மைதானத்தைப் பாதுகாக்க வெட்டிய வாய்க்காலில் விழுந்த பந்தைத் தண்டனை பேசாமலேயே எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அண்ணாச்சிக்கும் மாமாவுக்கும் நடந்த சண்டை அங்கேயும் நடந்திருக்கும் போல.

கோடு எங்கே என்பதுதான் கடினம். கரைப் பக்கம் தெளிவு. தண்ணீர் வந்து சேரும் பக்கம் தரை மெல்லச் சரிவதால் எங்கே குளம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தண்ணீர் நின்ற இடம்வரை குச்சி நடலாம் என்றான் ஒரு தம்பி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அந்த மட்டத்தை எல்லையாக்கினால் ஐந்தாவது ஹோல் முழுவதும் பெனால்டி ஏரியா ஆகிவிடும். அதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. பெனால்டி ஏரியாவுக்குள் எலி வளைக்கும் பன்றிப் பள்ளத்துக்கும் இலவசம் இல்லை. பந்து தரையில் புதைந்துவிட்டாலும் இல்லை. 'ஆட முடியாத பந்து' என்றும் அறிவிக்க முடியாது. எல்லையைப் பெரிதாக்க ஆக்க, மற்ற சலுகையெல்லாம் அதற்குள் மூழ்கிப்போகும்.

நேர்மாறாக, கோடை மட்டத்தில் நட்டால்? மறுகால் பாய்ந்து வரும் தண்ணீர் முழுக்க 'தற்காலிகத் தண்ணீர்' ஆகிவிடும். நீர்நிலை பொங்கி எல்லைக்கு வெளியே நிற்கும் தண்ணீருக்கு இலவச நிவாரணம் உண்டு. பந்தே கிடைக்காவிட்டாலும், அது அந்தத் தண்ணீருக்குள்தான் போனது என்பது ஏறக்குறைய நிச்சயமானால் இலவசமாக வேறு பந்து போடலாம். அண்ணாச்சிக்குக் கொண்டாட்டம். ஆனால் குளத்தைப் பார்த்து அடித்தவனுக்கும் ஒதுங்கி அடித்தவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகும். பிசான நெல் சாகுபடிக்குக் குளம் பெருகி நிற்கும் வழக்கமான மட்டத்தில் நடுவது என்று முடித்தோம். அந்த மட்டம் எங்கே என்று கேட்க, மடை திறந்துவிடும் பெரியவரையே கூட்டிவந்தோம். அவர் எங்களை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, குச்சியை வாங்கி அவரே ஊன்றினார்.

தற்காலிகத் தண்ணீர் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. நிற்கும்போதோ, நிற்பதற்கு முன்போ, தரையின் மேல் தண்ணீர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். காலை அழுத்தி அழுத்திப் பிதுக்கி வரவழைத்த தண்ணீர் செல்லாது. வெறும் சேறு போதாது. மார்கழிப் பனித்துளியும் சேராது. பங்கருக்குள் தண்ணீர் நின்றால் இலவசம் பங்கருக்குள்ளேதான்; வெளியே வர ஒரு ஸ்ட்ரோக். பங்கர் முழுக்க நிரம்பியிருந்தால் உள்ளேயே ஆழம் குறைந்த இடத்தைத் தேடிக்கொள்ளலாம். கரண்டை ஆழத் தண்ணீரிலிருந்து எம்-சாண்டோடு பந்தைக் கிளப்பிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஒரு ஸ்ட்ரோக்கைக் கொடுத்துவிடுவது நல்லது.

இனி பன்றி. பிராணி தோண்டிய குழி என்பதில், தோண்டி வெளியே தள்ளிய மண்ணும், குழிக்குள் போகும் தேய்ந்த தடமும், அடியில் தோண்டியதால் மேலே புடைத்த தரையும் சேரும். பெருச்சாளிக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. பன்றி அப்படித் தோண்டுவதில்லை. கோரைக் கிழங்குக்காக மூக்கால் நெம்பி, பத்தடிக்குப் பத்தடி பாத்திபோலப் புரட்டிப் போட்டுவிடும். அதில் குழி எது, கிளறிய மண் எது, வெறும் குளம்படி எது? தனியாகக் கிடக்கும் குளம்படி பிராணிக் குழியில் சேராது. அதில் தண்ணீர் தேங்கியிருந்தால் மட்டும் தற்காலிகத் தண்ணீர் என்ற கணக்கில் இலவசம் வரும். ஆக, அதே பன்றியின் வேலையில் ஒரு சாண் தள்ளி இலவசம், ஒரு சாண் இந்தப்பக்கம் கிடந்தபடி அடி. போட்டி நாளில் இதைத் தீர்த்து வைக்க யாராலும் முடியாது.

அதனால் மூன்று யோசனைகள் வந்தன. ஒன்றும் செய்யாமல் ஒவ்வொரு குழியாகப் பார்த்துச் சொல்வது. உழுத பகுதியைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு 'கிரவுண்ட் அண்டர் ரிப்பேர்', அதாவது பழுதுபார்க்கும் தரை, என்று அறிவிப்பது. அதற்கும் மேலே, அதற்குள் யாரும் ஆடவே கூடாது என்று தடை போடுவது. முதலாவது சண்டைக்கு அழைப்பு. மூன்றாவது புதுப்புல் முளைக்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். எங்கள் தரிசில் காப்பாற்ற என்ன இருக்கிறது? இரண்டாவதில் ஆட்டக்காரனுக்கே விருப்பம். பந்து நல்ல கட்டியின் மேல் உட்கார்ந்திருந்தால் அடிக்கலாம், இல்லையென்றால் இலவசமாக எடுத்து வைக்கலாம். கிடந்தபடி அடிக்கும் உரிமை பறிபோகவில்லை என்பதால் மாமாவும் ஒத்துக்கொண்டார்.

புற்று விஷயம் வேறு மாதிரி. கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது பழமொழி. கோல்ஃப் விதியும் அந்த இரண்டு பேரையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. பூச்சி கட்டியது பிராணிக் குழி ஆகாது. சின்ன எறும்புப் புற்று, மண்புழுக் குவியல் போன்றவை காய்ந்த இலை, சுள்ளி மாதிரி. கையால் தட்டிவிடலாம், பங்கரிலும்கூட. தட்டும்போது பந்து அசைந்தால், கிரீனைத் தவிர மற்ற இடங்களில், ஒரு ஸ்ட்ரோக் போகும். ஆளுயரத்துக்கு இறுகி நிற்கும் புற்றை யார் தட்டுவது? அதுவும் வெள்ளிக்கிழமை பால் ஊற்றும் புற்று. அதையும் பழுதுபார்க்கும் தரை என்று அறிவித்துவிட்டோம். விதிக்கு விதி, சாமிக்குச் சாமி.

குடிபுகுந்த கருநாகம் வெளியே தலைகாட்டினால் அது முற்றிலும் வேறு விதி. விஷப் பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, நெருப்பெறும்பு, கரடி என்று விதிப்புத்தகமே உதாரணம் தருகிறது. அது பந்துக்குப் பக்கத்தில் இருந்து, அடிக்கப் போனால் பலத்த காயம் ஆகலாம் என்றால் எங்கேயும் இலவசம். பெனால்டி ஏரியாவுக்குள்ளும் உண்டு, ஆனால் அதற்குள்ளேயே ஆபத்தில்லாத இடத்தில்தான் போட வேண்டும். வெளியே வரவேண்டுமானால் வழக்கமான ஒரு ஸ்ட்ரோக். கரடி என்ற வார்த்தையைப் படித்ததும் எல்லோரும் மேற்கே மலையைப் பார்த்தோம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருக்கிறோம், பாபநாசம் பக்கம் ஊருக்குள்ளேயே கரடி வருகிறது. இதில் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. மிக அருகிலான புள்ளி எங்கள் வீடு.

ஆபத்தில்லாத பிராணிக்கும் ஒரு இடம் இருக்கிறது, எனக்குப் பிடித்த இடம். பறவைக் கூடு பந்துக்கு மிகப் பக்கத்தில் இருந்து, அடித்தால் சேதமாகும் என்றால், யாரும் கோடு போடாமலேயே அது பழுதுபார்க்கும் தரை. ஆள்காட்டிக் குருவி கட்டாந்தரையில் நாலு கல்லைச் சேர்த்து முட்டையிடும். இரண்டாவது ஹோலில் அப்படி ஒன்று இருந்தது. கூந்தன்குளத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிற மாவட்டம் இது. இந்த விதியை யாருக்கும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

மற்றதெல்லாம் சில்லறை. நின்ற பந்தைக் காக்காயோ நாயோ தூக்கிப்போனது நிச்சயமானால், இருந்த இடத்தில் வேறு பந்து வைக்கலாம், பெனால்டி இல்லை. சந்தேகம்தான் என்றால் அது தொலைந்த பந்து, மூன்று நிமிடம் தேடிவிட்டுப் பழைய இடத்துக்கு நட. ஃபேர்வேயில் ஓடும் பந்து மாட்டின் மேல் பட்டால், நின்ற இடத்திலிருந்து ஆடு. கிரீனிலிருந்து அடித்த பந்து கிரீனில் நிற்கும் ஆட்டின் மேல் பட்டால் அந்த அடி கணக்கில்லை, திரும்ப அடி. கிரீனில் குளம்படியைச் சரிசெய்துகொள்ளலாம். சாணியையும் புழுக்கையையும் விலக்கலாம். ஆனால் பந்தே ஈரச் சாணியின் மேல் உட்கார்ந்தால் விலக்குவது எப்படி? அதற்காக, சாணியைப் பழுதுபார்க்கும் தரையாகக் கருதலாம் என்று, மைதானக்காரர்கள் விரும்பினால் எடுத்துக்கொள்ளும் உள்ளூர் விதி ஒன்று மாதிரியாகத் தரப்பட்டிருக்கிறது. கால்நடை மேயும் மைதானத்துக்குக் குளம்படிக்கும் அப்படி ஒன்று உண்டு. சாணி விதியை எடுத்துக்கொண்டோம். குளம்படி விதியை வேண்டாம் என்று விட்டோம். எங்கள் தரையில் குளம்படி இல்லாத இடமே இல்லை, அதைச் சேர்த்தால் கிடந்தபடி அடிக்க ஒரு பந்தும் மிஞ்சாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால், ஸ்ட்ரோக் கணக்குப் போட்டியில் ஒரு வழி இருக்கிறது. அடிக்குமுன் கூட ஆடுபவரிடம் சொல்லிவிட்டு இரண்டு பந்து ஆடலாம், எது கணக்கில் வரவேண்டும் என்பதையும் அப்போதே சொல்லி. ஸ்கோர் கார்டைக் கொடுக்குமுன் கமிட்டியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருவருக்கொருவர் மோதும் மேட்ச் பிளேயில் இது கிடையாது. கமிட்டி என்பது எங்களில் மாமா.

போட்டிக்கு நாலு நாள் முன்னால் ஐந்தாவது ஹோலில் பன்றி உழுத இடத்தைச் சுற்றி அழகாகச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கோட்டுக்குள் ஒன்றும் ஆகவில்லை. கோட்டுக்கு வெளியே கிழக்கில் புதிதாக ஒரு பாத்தி. அண்ணாச்சி இன்னொரு கோடு போடலாம் என்று சுண்ணாம்பு வாளியோடு கிளம்பினார். மாமா தடுத்து, பலகையில் சாக்பீஸால் எழுதினார்: 'ஐந்தாவது ஹோலில் பன்றி கிளறிய தரை, கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பழுதுபார்க்கும் தரை.'